‘ராஹைட்’ (1951): பாலைவனச் சாவடியில் சிக்கியவர்களின் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? யார் எடுத்தது?

டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1951-ல் வெளியிட்ட கறுப்பு வெள்ளை வெஸ்டர்ன் படம். இயக்கம் ஹென்றி ஹாத்வே. திரைக்கதை டட்லி நிக்கல்ஸ். ஒளிப்பதிவு மில்டன் க்ராஸ்னர். டைரோன் பவரும் சூசன் ஹேவர்டும் முதன்மை வேடங்களில் நடித்திருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘டெஸ்பரேட் சீஜ்’ என்ற இன்னொரு பெயரும் இதற்கு உண்டு. அந்தப் பெயரில் கண்ணில் பட்டால் வேறு படம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

க்ளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ‘ராஹைட்’ இதுதானா?

இல்லை. அது 1959-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், மாடு ஓட்டிச் செல்பவர்களைப் பற்றியது. பெயர் மட்டும்தான் ஒன்று.

கதை என்ன? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே போகும் தபால் கோச் வண்டிகள் கோவேறு கழுதைகளை மாற்றிக்கொள்ளவும், பயணிகள் சாப்பிடவும் நிற்கும் ஒரு சாவடி. பெயர் ராஹைட். சுற்றிலும் மைல் கணக்கில் பாறையும் மணலும்தான். அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வயதான பொறுப்பாளர் சாம் (எட்கர் புக்கனன்). இன்னொருவன் டாம் (டைரோன் பவர்). டாமின் அப்பா இந்த வண்டி கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்று மகனை இங்கே அனுப்பியிருக்கிறார். டாமுக்கு இந்த இடம் பிடிக்கவே இல்லை, ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒரு நாள் வரும் வண்டியில் வின்னி (சூசன் ஹேவர்ட்) என்ற பெண், இறந்துபோன சகோதரியின் சின்னஞ்சிறு குழந்தையுடன் பயணம் செய்கிறாள். தூக்குத் தண்டனைக் கைதியான ஸிம்மர்மன் மூன்று கூட்டாளிகளோடு சிறையிலிருந்து தப்பி, வழியில் ஒரு கோச்சை மறித்துக் கொள்ளையடித்திருக்கிறான் என்று குதிரைப்படை வீரர்கள் செய்தி கொண்டுவருகிறார்கள். ஆபத்து இருக்கும் பாதையில் குழந்தையை ஏற்றக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் வின்னியை வண்டியிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்கிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக இறக்கிய இடத்துக்கே கொள்ளையர்கள் வந்து சேர்கிறார்கள். அடுத்த நாள் வரவிருக்கும் வண்டியில் ஒரு லட்சம் டாலர் தங்கம் இருக்கிறது. அது வரும்வரை சாவடி வழக்கம்போல நடப்பதாக வெளியே தெரிய வேண்டும். அதற்காகத்தான் டாமை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

‘முற்றுகை’ என்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து யாரும் சுடவில்லையே?

இந்தப் படம் மற்ற சாவடிப் படங்களிலிருந்து விலகி நிற்பது இங்கேதான். வழக்கமான முற்றுகைப் படத்தில் நல்லவர்கள் உள்ளே, எதிரி வெளியே. சன்னல் பலகையை அடைத்துவிட்டு, தோட்டா எண்ணி, விடியும்வரை தாக்குப்பிடிப்பார்கள். இதில் எதிரி முதல் அரை மணி நேரத்துக்குள் கதவைத் திறந்துகொண்டு, உதவி ஷெரீஃப் என்று பொய் சொல்லி, சிரித்த முகத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

டாமின் கையைக் கட்டிப்போட்டிருந்தால்கூட இவ்வளவு பதற்றம் வந்திருக்காது. அவன் சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும், கழுதைகளைப் பூட்ட வேண்டும், இரவு வண்டியில் வரும் தெரிந்த ஆட்களிடம் முகம் மாறாமல் பேச வேண்டும். காப்பாற்றக்கூடியவர்கள் எதிரே நின்று சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொன்னால் அறைக்குள் இருக்கும் பெண்ணும் குழந்தையும் போய்விடுவார்கள். பெரும்பாலான துப்பாக்கிச் சண்டைகளைவிட இந்தச் சாப்பாட்டு மேசை எனக்கு அதிகப் படபடப்பைத் தந்தது. அன்றாட வேலையைச் செய்வதே ஆபத்தாக மாறும் ஒரு வெஸ்டர்ன் படம் என்பதுதான் இதைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்க என்னுடைய காரணம்.

வின்னியை டாமின் மனைவி என்று ஏன் நினைக்கிறார்கள்? அவர்கள் ஏன் மறுக்கவில்லை?

தனிக்காட்டில் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சின்னக் குழந்தை. ஸிம்மர்மன் தானாகவே குடும்பம் என்று முடிவு செய்துகொள்கிறான். அது தப்பு என்று தெரிந்தால் இரண்டு விபரீதம். டாமை அடக்கி வைக்க வின்னி பயன்பட மாட்டாள் என்று ஆகிவிடும், அப்புறம் அவளை உயிரோடு வைத்திருக்கக் காரணமில்லை. தவிர, கூட்டத்தில் இருக்கும் டீவிஸின் பார்வை முதலிலிருந்தே சரியில்லை. ‘அடுத்தவன் மனைவி’ என்பது மெல்லிய வேலிதான், ஆனால் அப்போதைக்கு வேறு வேலி கிடையாது.

சிறிது நேரத்துக்கு முன்புதான் இருவரும் கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவளை வண்டியிலிருந்து இறக்கியதில் டாமுக்கும் பங்கு உண்டு. இப்போது ஒரே அறையில், கணவன் மனைவியாக, குரலைத் தாழ்த்திச் சண்டையைத் தொடர வேண்டியிருக்கிறது. காதலுக்குப் படம் இடமே ஒதுக்கவில்லை என்று சொல்லலாம். மெல்ல மெல்ல ஒருவர் திறமையை இன்னொருவர் மதிக்கத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருக்கிறது.

சுவர் தோண்டும் காட்சி பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

பேசத் தகுந்த காட்சிதான். கொள்ளையர் வந்தபோது வின்னியிடம் டாமின் கைத்துப்பாக்கி இருந்தது. பிடிபடும்போது அது வெளியே விழுந்துவிட்டது, கொள்ளையர் யாரும் கவனிக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் கணக்கு மாறும். இருவரும் அடைபட்டிருக்கும் அறையின் சுவர் பச்சை மண் கல்லால் ஆனது. கையில் சமையல் கத்தி ஒன்று கிடைக்கிறது. இரவெல்லாம் சுரண்டுகிறார்கள்.

ஹாத்வே இதை எடுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பெரிய இசை கிடையாது. கத்தி மண்ணில் உரசும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்குமா என்பதுதான் கேள்வி. கேமரா சுவருக்கு மிக அருகே போகிறது, முகத்தில் வியர்வையோடு தூசி ஒட்டுகிறது, உதிர்ந்த மண்ணை மறைக்க வேண்டியிருக்கிறது. நடுநடுவே டாமை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அவன் எழுந்து போக, வின்னி கத்தியை வாங்கித் தொடர்கிறாள். யார் கையில் கத்தி இருக்கிறது என்பதை வைத்தே அந்த இருவரின் உறவு எப்படி மாறுகிறது என்று காட்டிவிடுகிறார்.

அந்த ஓட்டை பெரியவர்கள் நுழையப் போதாது. நடை பழகிய குழந்தை நுழையப் போதும். இதற்கு மேல் இங்கே சொல்லவில்லை.

வில்லன்கள் எப்படி?

நால்வரும் நான்கு ரகம். ஸிம்மர்மன் (ஹ்யூ மார்லோ) குரலை உயர்த்தாதவன், மரியாதையாகப் பேசுபவன், கணக்குப் போட்டுக் கொலை செய்பவன். கிராட்ஸ் (ஜார்ஜ் டோபியாஸ்) சொன்னதைச் செய்யும் முரட்டு ஆள். யான்சி (டீன் ஜாக்கர்) கொஞ்சம் அப்பாவித்தனம் கலந்த திருடன், இவர்களோடு ஏன் சேர்ந்தோம் என்ற குழப்பம் முகத்திலேயே இருக்கும். டீன் ஜாக்கர் இதற்குக் கொஞ்சம் முன்புதான் துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவர் இவ்வளவு சிறிய வேடத்தில் அடக்கி வாசித்திருக்கிறார்.

நான்காவது டீவிஸ். ஜாக் ஏலம். படம் முடிந்ததும் நினைவில் நிற்கும் முகம் இவருடையதுதான். சிறுவயதில் பென்சில் குத்தி இடது கண்ணில் பார்வை போனவர் ஏலம், அந்தக் கண் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். நடிக்க வருவதற்கு முன் திரைப்பட நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருக்கும் பார்வையையும் இந்த வேலை கெடுத்துவிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் நடிப்புக்கு மாறினார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய வேடம் இது.

தலைவன் ஸிம்மர்மனாக இருந்தாலும் பயம் டீவிஸிடமிருந்துதான் வருகிறது. ஸிம்மர்மனுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, அதனால் அவன் அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்கலாம். டீவிஸுக்குத் திட்டமே இல்லை. அந்த வீட்டில் உண்மையான முற்றுகை இந்த இருவருக்கும் இடையில்தான் நடக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

சூசன் ஹேவர்டுக்கு இதில் வேலை இருக்கிறதா, அலறுவதற்கு மட்டும்தானா?

நிறையவே இருக்கிறது. வின்னி யாருக்கும் பணியாதவள். வாயும் வலிது, கையும் வலிது. துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெந்நீர் ஊற்றுக்குத் தனியாகக் குளிக்கப் போகிறவள். அந்தக் காலத்து வெஸ்டர்ன்களில் பெண் பெரும்பாலும் சன்னலோரம் கண்ணீரோடு நிற்பாள். இங்கே நாயகன் திகைத்து நிற்கும் இடங்களில் முதல் அடி எடுத்து வைப்பது இவள்தான். டைரோன் பவர் அப்போது பெரிய நட்சத்திரம். துப்பாக்கியில் கெட்டிக்காரன் இல்லாத, தயங்கித் தயங்கித் துணிச்சல் பெறும் ஓர் ஆளாக அவர் நடிக்க ஒப்புக்கொண்டது வின்னிக்கு இடம் கொடுத்திருக்கிறது.

அப்படி ஒரு கோச் வண்டிப் பாதை நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. படம் இரண்டு சரித்திரங்களைச் சேர்த்துவிடுகிறது. ‘ஜாக்கஸ் மெயில்’ (கழுதைத் தபால்) என்று படத்தில் சொல்லப்படும் பெயர் நிஜத்தில் 1857-ல் சான் அன்டோனியோவுக்கும் சான் டியேகோவுக்கும் இடையே ஓடிய தபால் சேவையின் பட்டப்பெயர். கலிஃபோர்னியப் பாலைவனத்தின் ஒரு பகுதியைப் பயணிகள் கோவேறு கழுதை முதுகிலேயே கடக்க வேண்டியிருந்ததால் வந்த கிண்டல் அது. படத்தில் வரும் சான் ஃபிரான்சிஸ்கோ–செயின்ட் லூயிஸ் பாதையோ ஜான் பட்டர்ஃபீல்டின் ஓவர்லேண்ட் மெயிலுக்கு உரியது.

பட்டர்ஃபீல்டின் வண்டிகள் 1858 செப்டம்பரில் ஓடத் தொடங்கின. அமெரிக்கத் தபால் துறையோடு ஆண்டுக்கு 6 லட்சம் டாலர் ஒப்பந்தம். சுமார் 2,800 மைல் தூரத்தை 25 நாளுக்குள் கடக்க வேண்டும், வாரம் இரண்டு முறை. எல் பாசோ, டூசான், யூமா, லாஸ் ஏஞ்சலிஸ் என்று தெற்கே பெரிய வளைவு போட்டுச் செல்லும் வழி. இரவும் பகலும் ஓட்டம்தான், படுக்க இடமில்லை. முதல் மேற்குப் பயணத்தில் முழுத் தூரமும் போன ஒரே பயணி ‘நியூயார்க் ஹெரால்ட்’ நிருபர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி. அவர் 1858 அக்டோபர் 10 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். 1861-ல் உள்நாட்டுப் போர் மூளும் நேரத்தில் தெற்குப் பாதை கைவிடப்பட்டு, தபால் வடக்கு வழிக்கு மாறியது. மொத்தம் மூன்று ஆண்டுகூட ஓடவில்லை.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமாவில் நாம் பார்க்கும் அழகான வண்டி நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கான்கார்ட் ஊரில் செய்யப்பட்டது. இரும்புச் சுருளுக்குப் பதில் தடித்த தோல் பட்டைகளின் மேல் வண்டி உடல் தொங்கும், அதனால் குலுக்கல் ஆட்டமாக மாறிவிடும். மார்க் ட்வெய்ன் இதைச் சக்கரம் வைத்த தொட்டில் என்று எழுதியிருக்கிறார். ஆனால் பாலைவனத்துக் கரடுமுரடான பகுதிகளில் பட்டர்ஃபீல்ட் பெரும்பாலும் ஓட்டியது கித்தான் கூரை போட்ட இலகு வண்டிகளைத்தான்.

சாவடிகள் உண்மையில் தாக்கப்பட்டனவா?

ஆமாம். அதில் ஒன்று இந்தப் படத்தின் கதைக்கு வியக்கத்தக்க அளவு அருகில் இருக்கிறது. அரிசோனாவின் டிரகூன் ஸ்பிரிங்ஸ் சாவடி, 1858 செப்டம்பர். வண்டி ஓட்டம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. கல் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு, கூட வேலை செய்த மூன்று கூலியாட்களே தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கோடாலியால் வெட்டினார்கள். மூவர் இறந்தார்கள். சைலஸ் செயின்ட் ஜான் என்பவர் மட்டும் கை சிதைந்த நிலையில், தண்ணீர் இல்லாமல், ஓநாய்களும் கழுகுகளும் சுற்றிவர நாட்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஆட்கள் வந்து சேர்ந்தபின் ராணுவ மருத்துவர் கையைத் தோளோடு எடுத்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் கல் சுவர்களின் மிச்சம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆபத்து வெளியிலிருந்து வரும் என்று சுவர் எழுப்பியவர்களுக்கு அது உள்ளேயே இருந்தது.

இன்னொன்று 1861 பிப்ரவரியில் அப்பாச்சி கணவாய்ச் சாவடியில் நடந்தது. ஒரு சிறுவனைக் கடத்தியதாகக் கொச்சீஸ் என்ற அப்பாச்சி பழங்குடித் தலைவர் மீது அமெரிக்க ராணுவ லெஃப்டினன்ட் பாஸ்கம் பழி சுமத்திப் பிடிக்க முயன்றார். கொச்சீஸ் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு தப்பினார். படை சாவடிக்குள் முடங்கியது. இரு பக்கமும் பிடித்து வைத்திருந்தவர்களைக் கொன்றார்கள். அதிலிருந்து தொடங்கிய போர் 1872 வரை ஓயவில்லை.

இதில் செவ்விந்தியர் தாக்குதல் ஏன் இல்லை?

எனக்கு இது படத்தின் பெரிய பலம். அப்போதைய படங்களில் சாவடி என்றாலே பழங்குடியினர் குதிரையில் சூழ்ந்து வருவார்கள், அவர்களுக்குப் பெயரோ பேச்சோ இருக்காது. கொச்சீஸ் கதையைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சிகளை மனம் ஒப்பிப் பார்ப்பது கடினம். இங்கே அச்சுறுத்துபவர்கள் நான்கு வெள்ளையர்கள், ஒவ்வொருவருக்கும் பெயரும் குணமும் உண்டு.

இது வேறொரு படத்தின் மறுஆக்கமா?

1935-ல் ஃபாக்ஸ் எடுத்த ‘ஷோ தெம் நோ மெர்சி’ என்ற குற்றப் படத்தின் கதையைத் தழுவியது என்று கருதப்படுகிறது. அதில் ஆள் கடத்தும் கும்பல் ஒன்று, இளம் தம்பதியையும் குழந்தையையும் ஒரு வீட்டில் பிடித்து வைக்கும். கார் போய்க் கோச் வண்டி வந்ததில் கதை தேறியிருக்கிறது. பாலைவனத்தில் கத்தினாலும் கேட்க ஆளில்லை.

நிக்கல்ஸுக்கு இந்த உலகம் புதிதல்ல. ஜான் ஃபோர்டின் 1939 ‘ஸ்டேஜ்கோச்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அவர்தான். அதில் வண்டிக்குள் அடைபட்ட பயணிகளை வைத்து எழுதினார், இதில் வண்டி வந்து நிற்கும் வீட்டை வைத்து எழுதியிருக்கிறார்.

எங்கே எடுத்தார்கள்?

கலிஃபோர்னியாவின் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா ஹில்ஸ். உருண்டு திரண்ட பாறைகள், பின்னால் சியெரா நெவாடா மலைத்தொடர், அதில் விட்னி சிகரம். இதே பாறைகள் 1935-ல் ஹாத்வே எடுத்த ‘தி லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்’ படத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையாக நடித்திருக்கின்றன! லோன் பைனில் வெஸ்டர்ன் படங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

குறைகள்?

உண்டு. தொடக்கத்தில் வரும் பின்னணிக் குரல் பாடப்புத்தகம் படிப்பதுபோல உற்சாகமாக இருக்கும், அடுத்து வரப்போகும் இறுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் இருபது நிமிடம் மெதுவாகத்தான் போகும். சாம் பாத்திரம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், எட்கர் புக்கனன் அவ்வளவு இயல்பாகச் செய்திருந்தார்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

ரத்தம் அதிகம் காட்டவில்லை. ஆனால் கடைசியில் சின்னக் குழந்தை ஆபத்தில் சிக்கும் காட்சி பெரியவர்களுக்கே தாங்காது. சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

முடிவு என்ன? (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

டீவிஸ் வின்னியிடம் எல்லை மீறுகிறான். ஸிம்மர்மன் தடுக்கப்போக, டீவிஸ் அவனையே சுட்டுக் கொல்கிறான், கிராட்ஸையும் விடவில்லை. அந்தக் குழப்பத்தில் டாம் கைக்குத் துப்பாக்கி வந்துவிடுகிறது. இருவரும் மறைவில் நின்று சுட்டுக்கொள்கிறார்கள், யாருக்கும் வெற்றி இல்லை. அப்போது சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்த குழந்தை டீவிஸின் கண்ணில் படுகிறது. அவன் குழந்தையைச் சுற்றி மண்ணில் சுடத் தொடங்குகிறான். ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அருகே விழுகிறது. வேறு வழியில்லாமல் டாம் ஆயுதத்தைப் போட்டுவிட்டு வெளியே வருகிறான். எல்லாம் முடிந்தது என்ற நேரத்தில் வின்னி ஒரு துப்பாக்கியைக் கைப்பற்றி டீவிஸைச் சுட்டு வீழ்த்துகிறாள். அதன்பிறகு தங்கத்தோடு வண்டி வந்து நிற்கிறது.

நாயகன் கடைசி நொடியில் வேகமாகத் துப்பாக்கி எடுத்து வெல்லாதது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. டாமை அப்படி மாற்றியிருந்தால்தான் பொய்யாகப் போயிருக்கும். படம் முழுக்க அவனைவிடத் துணிச்சலாக நின்றவள் வின்னி, கடைசிக் குண்டும் அவளுடையதாகவே இருப்பதுதான் நியாயம்.